திருமலைத் துறையிலே ஒரு மழை வேண்டுதல்

ஐப்பசி மாதத்து வைகறையில் கோணமாமலையின் உச்சியிலே நின்று கடலை நோக்குவது தனி இன்பம். பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, மரநிழலிலே அச்சமின்றி மேயும் புள்ளிமான்களைப் பார்த்துக்கொண்டு மெல்ல மேலேறினால் கோணேசர் ஆலயத்தை அடையலாம். அதற்கு அப்பால் நிலம் இல்லை. பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றது. இராவணன் வெட்டு என மக்கள் வழங்கும் பிளவிலே அலை புகுந்து முழங்கும் ஓசை மேலே நிற்பவர் செவிக்கும் எட்டும். 7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியபோது, அலை முத்துக்களைக் கொழிக்கும் ஒலிகடலையும் உடன் வைத்தே பாடினார். கடலை நீக்கிவிட்டுக் கோணமலையை நினைப்பது எவர்க்கும் இயலாது.

தீபாவளியை ஒட்டிக் கிடைத்த சில நாள் விடுமுறையிலே, எம்மிடம் பயிலும் மாணவர் மூவருடன் நாம் அங்கே சென்றிருந்தோம். திருமலை நாம் பிறந்து வளர்ந்த ஊர். ஆயினும் மாணவர்க்கு அது புதிது. காலைப் பூசை முடிந்து வெளிப்புறத்திலே அமர்ந்திருந்தபோது, கீழ்த்திசையிலே கருமேகம் திரளத் தொடங்கியிருந்தது. காற்றிலே மழைவாசனை இருந்தது. எமக்கு அருகிலே தம்பலகாமத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் கைகூப்பி நின்றார். அவர் தம்முள் வேண்டாது வாய்விட்டே வேண்டினார். குளத்திலே நீர் இல்லை, விதைப்பு நாள் தவறுகின்றது, இன்றைக்காவது இந்த மேகம் இறங்கவேண்டும் என்பது அவர் வேண்டுதல். சற்று அப்பால், இடுப்பிலே குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்றாள். கணவன் கடலுக்குச் சென்றிருக்கிறான் போலும். அவள் மேகத்தைப் பார்ப்பதும் சுவாமியைப் பார்ப்பதுமாக இருந்தாள். "காற்று எழும்பக் கூடாது, அப்பனே" என்ற சொற்கள் மாத்திரம் எம் காதில் விழுந்தன.

மாணவர்களுள் இளையவன் இருவரையும் கவனித்திருந்தான். வெளியே வந்ததும் எம்மைப் பார்த்து, "ஐயா, அந்தப் பெரியவருக்கு மழை வேண்டும். இந்த அக்காவுக்கு மழை வேண்டாம். சுவாமி யாருக்குக் கொடுப்பார்?" என்று வினவினான்.

விளையாட்டாகக் கேட்ட கேள்வி அன்று அது. உடனே விடை சொல்ல எமக்கு நா எழவில்லை. "கீழே இறங்கிப் போவோம், போகும்போது பேசுவோம்" என்று மாத்திரம் கூறினோம்.

அக்கேள்வியின் வேர் திருமலையின் நில அமைப்பிலேயே இருக்கின்றது. மேற்கிலே மலைகளால் சூழப்பெற்ற ஆழமான உள் துறைமுகம். அதன் தென்மேற்கு மூலையிலே தம்பலகாமத்து உப்பேரியும் வயல்களும். தெற்கிலே மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக்குடா. அதன் கரைகளிலே கிண்ணியாவும் மூதூரும். வடக்கே குச்சவெளி வரை நீண்டு செல்லும் மணற்கரை. உலகிலுள்ள இயற்கைத் துறைமுகங்களுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று எனப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இதற்காகப் போட்டியிட்டனர். 17ஆம் நூற்றாண்டின் இருபதுகளிலே போர்த்துக்கேயர் பழைய கோணேசர் ஆலயத்தை இடித்தனர். அதன் கற்களே கோட்டைக்கு உதவின. இரண்டாம் உலகப் போரிலே, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி, யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தன. அரசுகளின் வரலாறு இவ்வாறு. மக்களின் வரலாறோ காற்றினால் எழுதப்பட்டது.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகக் காற்று வீசும். அப்போது தீவின் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கீழைக் கடல் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஊர்களிலிருந்து மீனவர் குடும்பங்கள் இக்கரைக்கு வந்து வாடி அமைப்பர். கரைவலை இழுப்போரின் பாட்டு மணற்கரையெங்கும் கேட்கும். ஐப்பசியிலே காற்றுத் திரும்பும். கார்த்திகை, மார்கழியிலே வாடைக் காற்றோடு மழை வரும். திருமலையில் ஓராண்டிலே பெய்யும் மழையிற் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் தை வரையுள்ள நான்கு திங்களில் இறங்கிவிடுகின்றது. அதை நம்பியே பெரும்போக நெல் விதைக்கப்படுகின்றது. அதே காற்று கடலைப் புரட்டி, தோணிகளைக் கரையிலே கட்டிப்போடுகின்றது. காற்று ஒன்றே, ஒருவன் அடுப்பை அது மூட்டுகின்றது, மற்றொருவன் அடுப்பை அவிக்கின்றது.

மலையிறங்கி ஒல்லாந்தர் குடாவின் கரையோரமாக நடந்தபோது, எமக்கு ஒரு நூல் நினைவுக்கு வந்தது. அது சைவ நூல் அன்று, யூதர்களின் மறைநூல்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் கொச்சிக்குச் சென்றிருந்தோம். அங்கே மட்டாஞ்சேரியிலே 1568இல் எழுப்பப்பட்ட யூதர் தொழுகைக்கூடத்தைக் கண்டோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு உரிமைகள் வழங்கிப் பொறித்த செப்பேடுகள் வட்டெழுத்திலே உள்ளன. 1950களிலே கொச்சி யூதருட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். எம் இலங்கையிலும் ஒரு காலத்தில் யூதர் இருந்தனர் போலும். மன்னனின் ஆலோசகர் பதினாறு பேருள் நால்வர் யூதர் என 12ஆம் நூற்றாண்டு அராபியப் புவியியல் அறிஞர் அல் இத்ரீசி எழுதியிருக்கின்றார். இவ்வளவு அருகிலே வாழ்ந்த மக்களைப் பற்றி நாம் ஏதும் அறியவில்லையே என்ற வெட்கத்தினால், ஊர் திரும்பியதும் மிஷ்னா என்னும் அவர்களது நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தோம். ஏறத்தாழ கி.பி. 200இலே தொகுக்கப்பெற்றது அது. அதன் விரிவுரையே தல்மூத். மிஷ்னாவின் பகுதிகளுள் ஒன்றின் பெயர் 'தாஅனித்', அதாவது நோன்பு. மழை பொய்த்தால் எப்போது, யார், எப்படி வேண்டவேண்டும் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

அங்கே கண்ட ஒரு விதியை மாணவர்க்குக் கூறினோம்.

யூதர் நாட்டிலும் மழைக்காலம் தொடங்குவது எம் ஐப்பசியை ஒட்டியே. அதற்குச் சற்று முன் சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகை வரும். எருசலேம் ஆலயம் நிலைத்திருந்த காலத்திலே, தொலைதூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் அப்பண்டிகைக்குக் கால்நடையாக வருவர். பண்டிகை முடிந்ததும் உழவன் மழை கேட்கலாமன்றோ? கேட்கக் கூடாது என்றார் ரப்பன் கமாலியேல் என்னும் அறிஞர். இன்னும் பதினைந்து நாள் பொறுக்கவேண்டும். ஏன்? பண்டிகைக்கு வந்தவர்களுள் மிகத் தொலைவிலிருந்து வந்தவன் யூப்பிரத்தீசு ஆற்றங்கரையைச் சேர்ந்தவன். அவன் வீடு போய்ச் சேரும் வரை வழியிலே நனையக் கூடாது. அந்தக் கடைசி வழிப்போக்கனுக்காக நாட்டிலுள்ள உழவரெல்லாரும் தம் வேண்டுதலை வாய்க்குள் அடக்கிக்கொள்ளவேண்டும். ஆலயம் அழிந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. கால்நடையாக யூப்பிரத்தீசு செல்வார் எவரும் இல்லை. ஆயினும் இன்றும் இஸ்ரேலிலே மழை கேட்கும் வேண்டுதலை, மர்ஹெஷ்வான் என்னும் திங்களின் 7ஆம் நாள் வரை பிற்போட்டே சொல்லுகின்றனர்.

"அப்படியென்றால் வழிப்போக்கன் கட்சிதான் வென்றது, ஐயா!" என்றான் மாணவன்.

"பொறு, மறுபக்கமும் உண்டு" என்றோம். ஆண்டிற்கு ஒருமுறை, பாவக் கழுவாய் நாளிலே, தலைமைக் குரு ஆலயத்தின் உள்ளறையிற் புகுந்து வெளிவந்ததும் ஒரு சிறு வேண்டுதல் செய்வார் எனத் தல்மூத் கூறுகின்றது. அதிலே ஒரு கூறு, உலகம் மழையை நாடி நிற்கும் வேளையிலே, மழை வேண்டாம் எனக் கேட்கும் வழிப்போக்கரின் வேண்டுதல் இறைவன் திருமுன் செல்லாதிருக்கட்டும் என்பது. இதற்கு ஒரு கதையும் உண்டு. ஹனினா பென் தோசா என்னும் ஏழைத் துறவி உப்புக்கூடையைத் தலையில் வைத்து நடந்து செல்கையிலே மழை பிடித்துக்கொண்டது. உலகமெல்லாம் மகிழ்கின்றது, யான் ஒருவன் வருந்துகின்றேனே என்றார். மழை நின்றது. வீடு சேர்ந்தார். இப்போது உலகமெல்லாம் வருந்துகின்றது, யான் ஒருவன் மாத்திரம் சுகமாக இருக்கின்றேனே என்றார். மழை மீண்டும் பெய்தது.

ஆக, பதினைந்து நாள் உழவன் பொறுக்கின்றான். அதன்பின் வழிப்போக்கன் பொறுக்கின்றான். இறைவன் யாருக்குக் கொடுப்பான் என்ற வினாவை அவ்வறிஞர்கள் முதலிலே எழுப்பவில்லை. கேட்பவன் யாரை நினைத்துக் கேட்கவேண்டும் என்றே எழுப்பினர். இது எமக்குப் பெரிய உண்மையாகப் பட்டது.

மழையைக் கேட்டுப் பெற்றவர் கதைகள் அவர்களிடமும் உண்டு, எம்மிடமும் உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே ஓனி என்பவர் நிலத்திலே ஒரு வட்டம் வரைந்து, மழை பெய்தாலன்றி இதைவிட்டு நகரேன் எனச் சூளுரைத்தார். சிறு தூறல் விழுந்தது. இது போதாது என்றார். பெருமழை கொட்டியது, இதுவன்று யான் கேட்டது என்றார். பின்னர் அளவாகப் பெய்தது, ஆனால் ஓயவில்லை. எருசலேம் மக்கள் ஆலயக் குன்றின்மேல் ஏறித் தப்பவேண்டியதாயிற்று. இதைப் படிக்கும் தமிழர்க்குச் சுந்தரமூர்த்தி நாயனாரின் திருப்புன்கூர் நினைவுக்கு வராதிருக்குமா? வறட்சியுற்ற அவ்வூரார் பன்னிரு வேலி நிலம் ஆலயத்திற்குத் தருவதாகச் சொல்ல, மழை பெய்தது. பெய்த மழை வெள்ளமாக, அதை நிறுத்த மேலும் பன்னிரு வேலி கொடுத்தனர். இரு கதைகளிலும் கேட்ட வரமே பின் தொல்லையாகின்றது. மனிதன் மழையைக் கேட்கலாம். அதன் அளவை அவன் அறியான் என்பதை இரு மரபும் கண்டிருக்கின்றன. ஓனியைப் பற்றி அக்காலத் தலைமை அறிஞர் சிமோன் பென் ஷெதாக் மகிழவில்லை. நீ ஓனியாக இராவிட்டால் உன்னைச் சமூகத்தினின்று விலக்கியிருப்பேன்; தந்தையிடம் அடம் பிடிக்கும் பிள்ளையைப் போல் இருக்கின்றாயே, என் செய்வது என்று சொல்லியனுப்பினார். அற்புதத்தை அவர்கள் மறுக்கவில்லை. அதை நம்பி ஊர் நடத்தக் கூடாது என்பதே அவர்கள் கொள்கை.

பேசிக்கொண்டே கடற்கரையின் ஓரத்திலே, கவிழ்த்து வைத்திருந்த தோணிகளுக்கு அருகே வந்துவிட்டோம். இவ்விடத்திலே எமக்குப் பேச்சு நின்றது. மாணவர்கள் ஏன் என்று கேட்டனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாத ஒன்றை அன்று அவர்களிடம் சொன்னோம். நேயர்களிடமும் சொல்லுகின்றோம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நாம் அப்போது பல்கலைக்கழக மாணவர்; கண்டியிலே ஒரு நண்பர் வீட்டிலே தங்கியிருந்தோம். திருமலையிலே கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்ற செய்தி முற்பகலிலே வந்தது. கடல் எப்படி ஊருக்குள் புகும்? எவர்க்கும் விளங்கவில்லை. தொலைபேசி எடுபடவில்லை. நாம் நண்பர் வீட்டுச் சுவாமி அறையிலே போய் நின்று வேண்டினோம். "கோணேசப் பெருமானே, எங்கள் தெருவாக இருக்கக் கூடாது" என்பதே அவ்வேண்டுதல். வேறு சொல் எமக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் அதையே சொன்னோம்.

எங்கள் தெருவாக இருக்கவில்லை. எங்கள் வீடு சற்று மேட்டிலே இருந்தது. நீர் வாசலுக்கு வரவில்லை. பெற்றோர் நலமாக இருந்தனர். மூன்றாம் நாள் ஊர் சேர்ந்தபோதுதான், நாடோறும் எங்கள் வாசலிலே மீன் கொண்டுவந்து தருபவரின் குடிசை இருந்த இடம் வெறும் மணலாக இருப்பதைக் கண்டோம். அவருடைய பிள்ளைகள் இருவர் இல்லை. அவர் எம்மைக் கண்டதும், "தம்பி, வீட்டிலே எல்லாரும் சுகந்தானே?" என்று கேட்டார். எமக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தெருவாக இருக்கக் கூடாது என்றால், வேறெந்தத் தெருவாக இருக்கவேண்டும் என்று நாம் கேட்டோம்?

மிஷ்னாவைப் பிற்காலத்திலே படித்தபோது, எம்மைப் பற்றியே எழுதியதுபோன்ற ஒரு வரியின் பொருளைக் கண்டு திடுக்கிட்டோம். நடந்து முடிந்ததற்காக அழுது வேண்டுவது வீண் வேண்டுதல் என அந்நூல் கூறுகின்றது. அதற்கு உதாரணமும் தருகின்றது. ஒருவன் வெளியூரிலிருந்து திரும்புகின்றான். ஊருக்குள்ளே அலறல் கேட்கின்றது. இது என் வீட்டாரின் அலறலாக இருக்கக் கூடாது என வேண்டுகின்றான். அது வீண் வேண்டுதல். அலறல் எழுந்துவிட்டது, எந்த வீட்டிலோ துன்பம் விழுந்துவிட்டது. இனி அதை மாற்றக் கேட்பது, வேறொருவன் வீட்டிற்கு அதை அனுப்பக் கேட்பதேயாகும் என்று எமக்கு அப்போது விளங்கியது.

அன்று நடந்ததும் அவ்வாறே. சுமாத்திராவுக்கு அப்பால், ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் தொலைவிலே, காலை 7 மணிக்குச் சற்று முன் கடலடித் தட்டு நழுவியது. ஆழ்கடலிலே ஆகாயவிமானத்தின் வேகத்தோடு அலை ஓடிவந்தது. இரண்டு மணி நேரத்திற்குள் எம் கரையை அடைந்தது. நாம் கண்டியிலே கைகூப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. இலங்கையிலே 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிண்ணியாவிலே மருத்துவமனையே அழிந்தது. தோணியோரத்திலே நின்ற கிறித்தவர், கோயிலுக்குச் சென்ற சைவர், பள்ளிவாசலுக்கு அண்மையில் வாழ்ந்த இசுலாமியர் என்று அலை பேதம் பார்க்கவில்லை.

"அப்படியானால் வேண்டுவதனால் என்ன பயன், ஐயா?" என்று மூத்த மாணவன் கேட்டான். அவன் குரலிலே சற்றுக் கோபம் இருந்தது. அக்கோபம் எமக்குப் பிடித்திருந்தது.

இதே கேள்வியை யூத அறிஞரும் தம்முள் கேட்டிருக்கின்றனர். ஒருவன் கோதுமையைத் திருடி நிலத்திலே விதைக்கின்றான். நியாயப்படி அது முளைக்கக் கூடாது. ஆனால் முளைக்கின்றது. உலகம் தன் வழக்கப்படியே செல்லும் என்பது தல்மூத் கூறும் விடை. விதைக்குக் களவு தெரியாது. அலைக்கும் தெருவின் பெயர் தெரியாது. 12ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்து 1204இல் எகிப்திலே மறைந்த மைமோனிடீசு இக்கருத்தைப் பெரிதும் வலியுறுத்தியவர். அவர் மருத்துவர், மெய்யியல் அறிஞர், தாயத்தையும் மந்திரத்தையும் நம்பாதவர். அவருடைய தம்பி தாவீது மணிகளை வாணிகம் செய்பவர். அத்தம்பி இந்தியாவை நோக்கிக் கலமேறி, எங்கள் இதே இந்து மாகடலிலே மூழ்கி இறந்தார். அச்செய்தி கேட்டு ஏறத்தாழ ஓராண்டு படுக்கையிலே கிடந்ததாக அண்ணன் பின்னாளிலே ஒரு கடிதத்திலே எழுதினார். கடலின் விதியை அறிந்தவர்க்கும் துயரம் குறையவில்லை.

ஆயினும் அவர் ஒன்று கூறினார். ஊருக்குத் துன்பம் வந்தபோது, இது இயற்கையின் போக்கு, தற்செயல் என்று சொல்லிவிட்டு வாளா இருப்பது கொடுமை என்றார். துன்பம் வந்தால் மக்கள் கூடிக் கூக்குரலிட்டுத் தம் நடையைச் சோதித்துப் பார்க்கவேண்டும். அதுவே கடமை என்றார். இங்கே எமக்கு ஒரு தயக்கம் உண்டு. அதை மறைத்தல் தகாது. துன்பம் பாவத்தின் கூலி என்ற எண்ணம் அவர்கள் நூல்களிலும் உண்டு, எங்கள் நூல்களிலும் உண்டு. மீன் கொண்டுவந்தவரின் சிறு பிள்ளைகள் எங்களைவிட என்ன பாவம் செய்தனர்? அதை நாம் ஏற்கமாட்டோம். ஆனால் துன்பத்தைக் கண்டபின் எம் நடையைச் சோதிக்கவேண்டும் என்பதை ஏற்கின்றோம். அச்சோதனை மாண்டவர்க்கு அன்று, மிஞ்சியிருப்பவர்க்கே.

மழை பொய்த்து ஊர் நோன்பிருக்கும் நாளிலே அவர்கள் செய்யும் சடங்கு இதை நன்கு காட்டும். மறைச்சுருள் வைத்த பேழையைத் தெருச் சதுக்கத்திற்குக் கொண்டுவந்து அதன்மேற் சாம்பலைத் தூவுவர். ஊரின் முதியவர் எழுந்து ஒரு சொல் சொல்லுவார். நினிவே நகரத்தாரின் கோணியாடையையும் நோன்பையும் இறைவன் கண்டான் என்று நூல் சொல்லவில்லை; அவர்கள் தீய வழியை விட்டுத் திரும்பிய செயலையே கண்டான் என்று சொல்லுகின்றது என நினைவூட்டுவார். அதன்பின்னரே வேண்டுதல் தொடங்கும்.

மறுநாள் மாணவரோடு கந்தளாய்க் குளத்திற்குச் சென்றோம். குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்காகக் கட்டியது என மரபு கூறும். 7ஆம் நூற்றாண்டிலே இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியது என வரலாற்றாசிரியர் கூறுவர். எவர் கட்டினாலும், ஆதிகோணநாயகர் ஆலயம் விளங்கும் தம்பலகாமத்து வயல்களுக்கு நீர் இங்கிருந்தே வருகின்றது. அணைக்கட்டின்மேல் நின்று மாணவர்க்கு ஒன்று காட்டினோம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலையிலே இவ்வணை உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல தலைமுறையாக மழை கேட்டு நிரப்பிய அதே நீர் ஊரை அழித்தது. வேண்டுதலை இறைவன் கேட்டான் எனக் கொண்டாலும், அணையைக் காக்கும் பணியை அவன் எம்மிடமே விட்டிருக்கின்றான். அற்புதத்தை நம்பியிருக்கலாகாது என்பது யூத அறிஞரின் பழைய விதி. அணைக்காவலனுக்கும் அதுவே விதி.

கடலுக்கும் அவ்வாறே. 2004இலே இந்து மாகடலுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை, இன்று உண்டு. 1964ஆம் ஆண்டு டிசெம்பரிலே இலங்கையின் வடகிழக்கைத் தாக்கிய புயல், பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்து, ஒரு புகையிரதத்தையே கடலுக்குப் பலியாக்கியது. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி இரவு, புரெவி என்னும் புயல் திருமலைக்கு வடக்கே கரையேறியது. வானிலை அறிவிப்புக் கேட்டு முன்னரே கரையோர மக்கள் இடம்பெயர்ந்தனர், தோணிகள் கரையேற்றப்பட்டன. மீனவன் கடலுக்குச் செல்லுமுன் வேண்டுவது வீண் அன்று. அதுவே வேண்டும் காலம். அவ்வேளையிலே அறிவிப்பைக் கேட்பதும் அவ்வேண்டுதலின் ஒரு பகுதியே என்பது எம் எண்ணம்.

திரும்பும் நாட்காலையிலே மீண்டும் கோணமலைக்கு ஏறினோம். முதல் நாள் கண்ட பெண் அங்கே இருந்தாள். இம்முறை அவள் முகத்திலே அச்சம் இல்லை. கணவன் இரவே கரை சேர்ந்துவிட்டானாம். வானம் இன்னும் கறுத்திருந்தது. மழை இறங்கவில்லை. இளைய மாணவன் தன் கேள்வியை விடவில்லை. அவளிடமே சென்று, "அக்கா, உங்களுக்கு மழை வேண்டாமா?" என்று கேட்டுவிட்டான்.

அவள் அவனை வியப்போடு பார்த்தாள். "மழை வேணுந்தானே, தம்பி! வயல் விளையாவிட்டால் நாங்கள் எதைச் சாப்பிடுறது? போனவங்கள் கரை சேர்ந்த பிறகு பெய்யட்டும் என்றுதான் கேட்டனான்" என்றாள்.

எம் உடல் சிலிர்த்தது. யூப்பிரத்தீசுக்குச் செல்லும் கடைசி வழிப்போக்கன் வீடு சேரட்டும், பின்பு மழை கேட்போம் என்று பழைய அறிஞர் ஒருவர் விதித்த அதே விதி. அவள் அந்நூலை அறியாள். அவரது பெயரையும் கேட்டிராள். ஒரே வானத்தின் கீழே, கடலும் வயலும் அடுத்தடுத்துள்ள ஊரிலே பிறந்ததனால் அவளுக்கு அது தானே விளங்கியிருந்தது. இருபத்திரண்டு வயதிலே, பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்த எமக்கு அது விளங்கவில்லை.

மாணவன் எம்மைப் பார்த்தான். நாம் ஒன்றும் கூறவில்லை. கூறவேண்டியதை அவள் கூறிவிட்டாள். படியிறங்கும்போது முதல் துளிகள் விழத் தொடங்கின. கோட்டைவாயிலை அடையுமுன் நால்வரும் நன்றாக நனைந்துவிட்டோம். பஸ் வண்டிக்கு ஓடவேண்டியிருந்தது, உடையெல்லாம் ஈரம். சற்று நின்று பெய்தால் என்ன என்று ஒரு கணம் மனத்திலே எழுந்தது. தம்பலகாமத்து முதியவரை நினைத்து அவ்வேண்டுதலை அப்படியே விழுங்கிக்கொண்டோம்.